காற்றுக்கு எதிராக நடந்த தீ

அத்தியாயம் 6

"இந்த மரம் பொய் சொல்லுது" என்றாள் அனுசியா.

தங்கதுரை அந்தப் பனையை மேலும் கீழும் பார்த்தார். "பொய் சொன்னா பயமே இல்ல மேடம். உண்மையைச் சொன்ன பொம்பளையத்தான் ஜெயில்ல வச்சிருக்காவ. இதுக்கு உடனே ஜாமீன் கெடச்சிரும்."

"டேப்பைப் பிடிங்க அண்ணாச்சி."

"பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். அறுபத்து மூணாவது மரம். எல்லாத்துக்கும் ஜாக்கெட் தைக்கப் போறியளா?"

காலை ஒன்பதரைக்கே உடைவிளை காப்புக்காட்டின் செம்மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. அவர்களைச் சுற்றி நாற்பது ஏக்கர் கரிந்து கிடந்தது. குடை விரித்தாற்போல நின்ற உடைமரங்கள் இப்போது குடைக்கம்பிகளாக மட்டும் நின்றன. பனைகள் சாகவில்லை. ஆனால் ஒவ்வொன்றின் உடம்பிலும் தீ நக்கிய கறுப்புத் தடம் இருந்தது.

அனுசியாவுக்கு நாற்பத்திரண்டு வயது. தூத்துக்குடித் துறைமுகத்தில் பதினைந்து வருடம் கப்பல் சரக்குகளில் பிடித்த தீயை ஆராய்ந்து காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு அறிக்கை எழுதியவள். ஓர் அறிக்கையை மாற்றி எழுதச் சொன்னார்கள். அவள் அறிக்கையை விட்டுவிட்டு வேலையை மாற்றிக்கொண்டாள். இப்போது தனியாகத் துப்பறிகிறாள். ஐம்பது வயது தங்கதுரை அவளுடைய உதவியாளர், அவருடைய ஆட்டோ அவளுடைய வாகனம், அவருடைய வாய் அவளுக்கு வாய்த்த சோதனை.

வழக்கு இதுதான். பதினொரு நாளுக்கு முன், வைகாசி விசாகத்தன்று, இந்தக் காடு எரிந்தது. எரிந்த பகுதிக்கு மேற்கு எல்லையில் முத்துக்கனி என்ற பெண்ணின் விடிலி இருக்கிறது. விடிலி என்றால் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கிற ஓலைக் குடிசை. கிழக்கு எல்லையில் கடலோர ரோடு. காலை பதினொன்றரைக்கு முத்துக்கனியின் அடுப்பிலிருந்து நெருப்புப் பறந்து, மேல்காற்றில் கிழக்கே ஓடி, ரோடு வரை எரித்துவிட்டது என்று கரைவழி கண்டெய்னர் கம்பெனியின் மேலாளர் அபிலாஷ் புகார் கொடுத்தார். முத்துக்கனி மறுநாளே கைதானாள். இன்று மாலை மூன்று மணிக்கு அவளுடைய ஜாமீன் மனு விசாரணைக்கு வருகிறது.

"எனக்கு ஒண்ணு புரியல மேடம். மரம் என்ன பொய் சொல்லுது? கறுப்பாத்தான இருக்கு?"

அனுசியா ஒரு குச்சியை எடுத்து மணலில் நட்டாள். விளக்கிச் சொல்ல ஓர் ஆள் கிடைத்துவிட்டால் அவளுக்குக் கோபம்கூடக் கொஞ்ச நேரம் ஒதுங்கி நிற்கும்.

"ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுல தண்ணி போகும்போது பாத்திருக்கியளா? மதகுத் தூண்ல மோதுற தண்ணி ரெண்டு பக்கமும் வழுக்கிட்டுப் போயிரும். தூணுக்குப் பின்னால மட்டும் ஒரு சுழி நிக்கும். சருகெல்லாம் அங்கனதான் சுத்திக்கிட்டுக் கெடக்கும்."

"ஆமா. என் செருப்பு ஒண்ணு அங்கன ரெண்டு நாள் சுத்துச்சு."

"தீயும் அப்படித்தான். காத்து தீயைத் தள்ளிட்டு வந்து மரத்துல மோதும். மோதுற பக்கத்துல தீ நிக்காது. பின்பக்கத்துல சுழி இருக்குல்லா, அங்கதான் தீ நின்னு மேல ஏறும். அதனால காத்து வாற பக்கம் கரி கீழயே நின்னுரும். காத்து போற பக்கம் கரி ஒசரமா ஏறியிருக்கும். மேற்கிருந்து காத்தடிச்சு தீ கிழக்கே போயிருந்தா, எந்த முகத்துல கரி ஒசரமா இருக்கணும்?"

தங்கதுரை யோசித்தார். "கிழக்கு முகத்துல."

"இப்ப இந்த மரத்தைப் பாருங்க."

பார்த்தார். கிழக்கு முகத்தில் கரி முழங்கால் உயரம். மேற்கு முகத்தில் பத்தடி.

"அறுபத்து மூணும் இப்படியா?"

"அறுபத்து மூணும். தீ கிழக்கே ரோட்டுல இருந்து மேற்கே விடிலியைப் பாத்து வந்திருக்கு. ஆனா அன்னைக்குக் காத்து மேற்கிருந்து கிழக்கே. தூத்துக்குடித் துறைமுகத்துல காத்தளக்குற கருவி இருக்கு. நேத்து அந்தக் கணக்கை வாங்கிப் பாத்துட்டேன். விசாகத்தன்னைக்குக் காலையில இருந்து சாயங்காலம் வரை கச்சான் காத்துதான், மேல்காத்துதான்."

"தீ காத்துக்கு எதிர்ல நடக்காதோ?"

"நடக்கும். தவழ்ந்துக்கிட்டு நடக்கும். கணுக்கால் ஒசரத்துக்கு மேல ஏறாது. பத்தடி ஏறாது." அவள் குச்சியைப் பிடுங்கி எறிந்தாள். "அதான் புரியல. காத்து ஒரு பக்கம் போயிருக்கு, தீ எதிர்ப் பக்கம் போயிருக்கு. ரெண்டும் ஒரே நாள், ஒரே காடு."

விடிலிப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். மார்பிலும் முன்கையிலும் பனையேறிக் காய்த்த தழும்புகள். முத்துக்கனியின் கணவர் அய்யாக்குட்டி.

"கோர்ட்டுக்கு நேரமாவுதும்மா. நீங்க மரத்துக்கு அளவெடுத்துக்கிட்டு நிக்கிய."

"அன்னைக்கு நீங்க எங்க இருந்திய அண்ணாச்சி?"

"ஊரே திருச்செந்தூருக்கு நடந்து போயிருந்தோம். அவ மட்டும் வரல. பதநீரை வச்சிக்கிட்டு சாமி கும்புடப் போவ முடியுமா? காய்ச்சலைன்னா புளிச்சிரும். பன்னெண்டு மணிக்குக் காய்ச்சி இறக்கி, அடுப்பை அவிச்சுட்டுப் படுத்திருக்கா. பெறவு பொகை நாத்தத்துல முழிச்சிருக்கா. மூணு மணின்னு சொல்லுதா. எவன் கேக்கான்?"

"விடிலி எப்படி எரியாம நிக்கி?" என்று தங்கதுரை கேட்டார்.

"அடுப்பு எரிக்குற எடத்தைச் சுத்தி இருவது அடிக்குச் சருகு கெடக்க விடுவோமா? தெனம் பெருக்கி வெறும் மணலாத்தான் வச்சிருப்போம். நெருப்போட பொழைக்கவங்களுக்கு நெருப்பைப் பத்தி இவனுவ பாடம் எடுக்கானுவ." அவர் தன் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். "குடத்துத் தண்ணியெல்லாம் ஊத்தி, பச்ச மட்டையை ஒடிச்சு அடிச்சு அணைச்சிருக்காம்மா. ரெண்டு உள்ளங்கையும் வெந்து போச்சு. ஜாமீன் குடுக்கக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் போட்ட மனுவுல எப்படி எழுதியிருக்கான் தெரியுமா? அடுப்புல தண்ணி ஊத்தித் தடயத்தை அழிச்சாளாம். ஜெயில்ல சோத்தை அள்ளித் திங்க முடியல அவளுக்கு. பக்கத்துல இருக்கவ ஊட்டிவிடுதா."

அனுசியா அளவு எழுதிய தாளை மடித்துப் பையில் வைத்தாள்.

ஆட்டோவில் ஏறியதும் தங்கதுரைதான் ஆரம்பித்தார். "ஒரு பொம்பள அடுப்புல பொறி பறந்துச்சுன்னே வச்சுக்குவோம். அதுக்கு ஒரு கண்டெய்னர் கம்பெனிக்கு ஏன் இவ்வளவு வேர்க்குது?"

"அதுலதான் எல்லாமே இருக்கு. உடைவிளைக்காரங்க நூத்திப் பன்னெண்டு குடும்பம். காட்டுக்குள்ள பனையேறவும், ஆடு மேய்க்கவும், நடக்கவும் அவங்களுக்குப் பதிவான உரிமை இருக்கு. கம்பெனிக்கு இந்தக் காட்டை வெட்டி ரோடு போடணும். இந்த உரிமை குறுக்க நிக்கி. நாலு வருஷமா கோர்ட்டுல தோத்துக்கிட்டே இருக்கான்."

"சரி."

"வனச் சட்டத்துல ஒரு விதி உண்டு. காப்புக்காட்டுல ஒருத்தர் வேணும்னோ, பெரிய அலட்சியத்தாலயோ தீப்பிடிக்க வச்சா, அவருக்குத் தண்டனை தனி. அதுக்கு மேல, அந்தக் காட்டுல மேய்ச்சல், பனையேற்றம் எல்லா உரிமையையும் அரசாங்கம் நிறுத்தி வைக்கலாம். எல்லாருக்கும். எத்தனை வருஷம் வேணும்னாலும்."

தங்கதுரை ஆட்டோவை ஓரமாக நிறுத்தியே விட்டார். "ஒருத்தி கையில நெருப்பு இருந்துச்சுன்னு சொன்னாப் போதும். நூத்திப் பன்னெண்டு வீட்டு அடுப்பும் அணைஞ்சிரும்."

"காட்டை அழிக்கத் தீ வைக்கல அண்ணாச்சி. ஊரை வெளியேத்தத் தீ வச்சிருக்காங்க. எரிஞ்சது மரம், எரிக்க நெனச்சது அந்த உரிமைப் பத்திரத்தை."

"தூ." அவர் உண்மையிலேயே துப்பினார். "அப்ப காத்தைப் பிடிக்கணும். துறைமுகத்துக் கருவியை விடுங்க மேடம். அது இங்கயிருந்து நாப்பது கிலோமீட்டர். தூத்துக்குடியில மழை பேஞ்சா திருச்செந்தூர்ல குடை பிடிப்பேளா? அன்னைக்கு இங்கன கடக்கரையில நின்னவன்கிட்ட கேப்போம்."

அனுசியா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "இதை நேத்தே சொல்லக் கூடாதா?"

"நேத்து நீங்க எதுவும் கேக்கல. கருவியைத்தான் கேட்டிய."

* * *

ஜெபசீலன் இருபது வருடம் சங்கு குளித்தவர். முத்துக்குளிப்பு நின்று போன கடலில் மிச்சமிருந்தது சங்குதான். அதையும் மூச்சுப் பிடித்து எடுத்து எடுத்துக் காது மந்தமாகிவிட்டது. இப்போது திருவிழா நாட்களில் திருச்செந்தூர்க் கடற்கரையில் குளிப்பவர்களைக் காப்பாற்றும் குழுவில் இருக்கிறார். ஈர மணலில் ஒரு ரப்பர் டியூபின்மேல் உட்கார்ந்து தேங்காய் பன் தின்றுகொண்டிருந்தார்.

"விசாகத்தன்னைக்குக் காத்தா?" என்று கத்திக் கேட்டார். "எத்தன மணிக்குக் காத்து?"

"மத்தியானம்!" என்று தங்கதுரையும் கத்தினார். கோயிலுக்கு வந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"காலையில நல்ல கச்சான். தலையில தொப்பி நிக்கல. ரெண்டு மணி வாக்குல கச்சான் தளந்துட்டு. கடலு மூச்சைப் பிடிச்ச மாதிரி கெடந்துச்சு. எனக்கு அப்பவே தெரியும். கச்சான் அசந்தா இங்கன கொண்டல் ஏறும். ஏறுச்சு."

"கொண்டல்னா கீழ்காத்து. கடல்ல இருந்து கரைக்கு," என்று அனுசியா தனக்கே சொல்லிக்கொண்டாள். பிறகு விரல் நுனியால் காற்றில் வரையத் தொடங்கினாள். "வெயில்ல மணல் கடலைவிடச் சீக்கிரம் சூடாகும். மணல்மேல இருக்குற காத்து சூடாகி மேல போகும். அந்தக் காலி இடத்துக்குக் கடல் காத்து உள்ள வரும். கச்சான் பலமா இருந்தா அதை வரவிடாமத் தள்ளிக்கிட்டே இருக்கும். துறைமுகத்துல அன்னைக்குத் தள்ளிருச்சு. இங்கன தள்ள முடியல."

"இந்தம்மா என்ன சொல்லுதாவ?"

"நீங்க சொன்னதைத்தான் நீளமாச் சொல்லுதாவ," என்றார் தங்கதுரை. "நேரம் சொல்லுங்க அண்ணாச்சி. சரியா எத்தன மணி?"

"ரெண்டு இருவது."

"அது எப்படி அவ்வளவு சரியா?"

ஜெபசீலனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏலே, கொண்டல் ஏறுனா அலை கரையில வந்து அறையும். லச்சம் சனம் தண்ணிக்குள்ள நிக்கி. நான்தான மைக்குல சொன்னேன், 'காத்து மாறிட்டு, கயித்தைத் தாண்டி யாரும் போவாதிய, பிள்ளையளத் தூக்கிக்கங்க'ன்னு. போலீஸ் கூண்டுல இருந்து சொன்னேன். அது பதிவாயிருக்கு. சந்தேகம்னா அன்னைக்கு வந்த சனத்துகிட்ட கேளு. பாதிப் பேரு போன்ல படம் பிடிச்சிக்கிட்டுத்தான் நின்னான், தண்ணியில விழுந்தவனத் தூக்காம."

தங்கதுரை அதற்குள் போனைத் துழாவ ஆரம்பித்திருந்தார். மச்சினன் மகள் அனுப்பிய விசாகப் படங்கள் முந்நூறு இருந்தன. பன்னிரண்டாவது காணொளியில் கரையோரக் காவிக்கொடிகள் கடலைப் பார்த்துப் பறந்தன. நேரம் ஒன்று ஐம்பது. இருபத்தாறாவதில் அதே கொடிகள் கோயிலைப் பார்த்துப் பறந்தன. நேரம் இரண்டு முப்பத்தொன்று. பின்னணியில் ஜெபசீலனின் குரல் இன்னும் திட்டிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு ஊரே சேந்து காத்தைப் படம் பிடிச்சிருக்கு," என்றாள் அனுசியா. "தீ காத்துக்கு எதிரா நடக்கல. காத்தோடதான் நடந்திருக்கு. முத்துக்கனி சொன்னது சரி. தீயணைப்பு நிலையத்துக்கு முதல் போன் வந்தது மூணு அஞ்சுக்கு. ரெண்டு இருவதுக்கு அப்புறம்தான் தீ பிடிச்சிருக்கு, அதுவும் ரோட்டுப் பக்கமிருந்து. அவ அடுப்பு ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாலேயே அணைஞ்சுட்டு."

"அப்ப முடிஞ்சுதுல்லா?"

"ரேஞ்சர்கிட்ட சொல்லுவோம். அடுப்புத் தீதான்னு அவர் குடுத்த அறிக்கை மாறினா ஜாமீனை யாரும் எதிர்க்க மாட்டாங்க."

மணி பன்னிரண்டு ஐந்து.

* * *

வனச்சரக அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை, கையில் இளநீர். கரைவழி கண்டெய்னரின் அபிலாஷ்.

ரேஞ்சர் வன்னியபெருமாள் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்தார். மூன்று பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவராகச் செய்கிற களைப்பு அவர் கண்ணில் இருந்தது. அனுசியா மர அளவுகளையும் காணொளிகளையும் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் பேனாவை மூடினார்.

"நல்லா வேலை பாத்திருக்கிய மேடம். தீ ரோட்டுப் பக்கமிருந்துதான் வந்திருக்கு, நான் ஒத்துக்கிடுதேன்."

"அப்ப அறிக்கையை மாத்துவேளா?"

"மாத்துவேன். ஆனா நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. அடுப்புல இருந்து பொறி பறந்துச்சுன்னா அது அலட்சியம். அரை மைல் நடந்து போய் ரோட்டோரத்துல வச்சிருந்தா? அது வேணும்னே வச்ச தீ. அன்னைக்கு அந்தக் காட்டுல இருந்தது முத்துக்கனி ஒருத்திதான். ஊரே கோயிலுக்குப் போயிட்டு. நீங்க அவளுக்கு நல்லது பண்ணல மேடம். தண்டனையைக் கூட்டியிருக்கிய."

அபிலாஷ் இளநீரை உறிஞ்சினார். "பாவம், கிராமத்துப் பெண். ஊர்க்காரங்க தூண்டிவிட்டிருக்கலாம் சார். அதனாலதான் உரிமைகளை நிறுத்தி வைக்கணும்னு நாங்க கேட்கிறோம். காட்டோட நன்மைக்காக."

"காட்டுக்காக இவரு இளநி குடிக்கிறதைப் பாத்தா எனக்கே அழுகை வருது," என்றார் தங்கதுரை.

"யார் இந்த ஆளு?"

"ஆட்டோ டிரைவர் சார். உங்க கம்பெனி மாதிரித்தான், நமக்கும் ரோடு இருந்தாத்தான் பொழைப்பு. ஆனா நான் இருக்க ரோட்டுலதான் ஓட்டுவேன்."

அனுசியா மேசையில் கையை ஊன்றினாள். குரல் உயரவில்லை. ஆனால் வாசலில் நின்ற வனக்காவலர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சார், எரிஞ்சது உங்க காடு. நீங்க கணக்கெடுத்த மரம். யார் எரிச்சான்னு கேக்க உங்களுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிஞ்சிருக்கு. பக்கத்துல யார் ஏழைன்னு பாத்து, அவ வீட்டுல அடுப்பு இருக்கான்னு பாத்திருக்கிய. ஒவ்வொரு தீக்கும் இதேதான். ஆடு மேய்ச்சவன், பீடி குடிச்சவன், விறகு பொறுக்கினவ. அந்தத் தீயால யாருக்கு ரோடு கெடைக்கும்னு ஒரு தடவையாவது ஒரு கோப்புல எழுதியிருக்கியளா? அவ ரெண்டு கையும் வெந்தது உங்க காட்டை அணைச்சதுல. அன்னைக்கு அங்க ஒரு அரசாங்கக் கை இருந்துச்சா?"

வன்னியபெருமாளின் முகம் சிவந்தது. "எல்லாருக்கும் விசாகக் கூட்டத்துல பந்தோபஸ்து டூட்டி மேடம். எனக்கும் சேத்து. மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை, இந்த ஆபீசு பூட்டிக் கெடந்துச்சு. நான் என்ன செய்யட்டும்? எனக்குக் கோபம் இல்லைன்னு நெனைக்கியளா? ஆனா சாட்சி வேணும். இவராவது பொறுப்பா அன்னைக்கே எழுத்துல புகார் குடுத்தாரு. ஆபீசு பூட்டிக் கெடந்தும் அன்னைக்கே அனுப்பி வச்சாரு. அந்த ஊர்க்காரங்க என்ன குடுத்தாங்க?"

அனுசியா நிமிர்ந்தாள்.

"ஆபீஸ் பூட்டிக் கெடந்துச்சுன்னா எப்படி அனுப்பினாரு?"

"ஸ்பீடு போஸ்ட்ல," என்றார் அபிலாஷ். "எங்க வக்கீல் எப்பவும் சொல்வார், அரசாங்க அலுவலகத்துக்கு எதையும் கையில கொடுக்காதீங்க, தபால்ல அனுப்பி ரசீது வச்சுக்கங்கன்னு. உள்ளூர் விடுமுறை மாநில அலுவலகங்களுக்குத்தானே. தபால் அலுவலகம் மத்திய அரசு. திறந்திருந்தது."

"புகாரைப் பார்க்கலாமா சார்?"

ரேஞ்சர் கோப்பைத் திருப்பிக் காட்டினார். ஒரு பக்கம். அபிலாஷின் கையெழுத்து. அனுசியா சத்தமாகப் படித்தாள்.

"'இன்று காலை 11.30 மணியளவில் முத்துக்கனி என்பவரின் அடுப்பிலிருந்து கிளம்பிய தீ, மேல்காற்றில் கிழக்கு நோக்கிப் பரவி, கடலோரச் சாலை வரையுள்ள சுமார் நாற்பது ஏக்கர் காப்புக்காடு எரிந்து சாம்பலாகிவிட்டது என்பதை எங்கள் ஊழியர்கள் மூலம் அறிந்தோம்.' ரொம்பத் தெளிவா இருக்கு. தபால் உறை இருக்கா சார்?"

உறை புகாரின் பின்னால் கோத்திருந்தது. அரசு அலுவலகத்தில் உறையைக்கூட எறிய மாட்டார்கள். அதில் ஒட்டியிருந்த தபால் எண்ணைத் தங்கதுரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அனுசியா போனில் தட்டினாள். ஸ்பீடு போஸ்டின் ஒரு குணம், அது தான் நடந்த ஒவ்வொரு அடியையும் கணினியில் எழுதி வைக்கும். எந்த அலுவலகம், எந்த நாள், எத்தனை மணி, எத்தனை நிமிடம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

திரையைப் பார்த்தாள். பிறகு அதை ரேஞ்சரின் முன்னால் வைத்தாள்.

"தூத்துக்குடி தபால் அலுவலகத்துல பதிவான நேரம் என்ன சார்?"

"பதிமூணு பன்னெண்டு. மத்தியானம் ஒண்ணு பன்னெண்டு." ரேஞ்சர் தலையாட்டினார். "அதான் சொல்லுதேன், எவ்வளவு சீக்கிரம் அனுப்பியிருக்..."

பாதியில் நிறுத்தினார்.

"எங்க சார் நிறுத்திட்டிய?" என்று தங்கதுரை மெல்லக் கேட்டார்.

அபிலாஷ் இளநீரைக் கீழே வைத்தார். "இதுல என்ன இருக்கு? பதினொன்றரைக்குத் தீ பிடிச்சது. ஒண்ணு பன்னெண்டுக்கு அனுப்பினோம்."

"பதினொன்றரையில இருந்து ரெண்டு இருவது வரை இங்க அடிச்சது கச்சான்," என்றாள் அனுசியா. "அந்த நேரத்துல பிடிச்ச தீ கிழக்கே ஓடியிருக்கணும். விடிலியை ஒட்டின மரமாவது கிழக்கு முகத்துல ஒசரமாக் கரிஞ்சிருக்கணும். ஒண்ணுகூட இல்ல. அறுபத்து மூணு மரமும் மேற்கு முகத்துலதான் ஒசரமாக் கரிஞ்சிருக்கு. உங்க புகார்ல இருக்கிற தீ, மேல்காத்துல கிழக்கே ஓடின தீ, அந்தக் காட்டுல எரியவே இல்ல. அது காகிதத்துல மட்டும் எரிஞ்ச தீ."

"நீங்க கற்பனை..."

"பிளான் நல்ல பிளான்தான். விசாகத்தன்னைக்கு ஊர்ல ஆளில்லை, காட்டுல காவலர் இல்லை. முத்துக்கனி பதநீர் காய்ச்சுற காலை நேரம். மேல்காத்து. விடிலிக்குப் பின்னால கொளுத்தினா நெருப்பு ரோட்டைப் பாத்து ஓடும். முதல்ல புகார் கொடுக்கிறவன் மேல யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. அதனால காகிதத்தை முந்தின நாளே எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு. விடுமுறை, ஆபீசு பூட்டியிருக்கும், அதனால வக்கீல் சொன்னபடி தபால். ஆனா கொளுத்தப் போன ஆளுங்க?"

"விசாகத்தன்னைக்கு," என்றார் தங்கதுரை, "ஆறுமுகநேரியில இருந்து திருச்செந்தூர் வர எனக்கு நாலு மணி நேரம் ஆச்சு. ரோடு முழுக்க நடந்து வாற சனம். மயில் காவடிக்கு முன்னால ஜீப்பு ஹாரன் அடிச்சா வழி விடுவாங்களா? போன் பண்ணலாம்னா டவர் கெடைக்காது. லச்சம் பேரு ஒரே நேரத்துல 'எங்கன நிக்கே'ன்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க."

"தூத்துக்குடியில இருக்கிற கம்பெனி ஆபீசுக்கு இது தெரியாது. சொன்ன நேரத்துக்குத் தபாலை அனுப்பிருச்சு. ஆளுங்க வந்து சேந்தப்ப ரெண்டரை தாண்டிட்டு. ஊர்ச்சனம் திரும்பி வர ஆரம்பிச்சிருக்கும். உள்ள போகப் பயந்து ரோட்டோரத்துலயே கொளுத்திட்டுப் போயிட்டாங்க. எந்தப் பக்கம் வச்சா என்ன, எரியப்போறது அதே நாப்பது ஏக்கர்தானேன்னு நெனச்சிருப்பாங்க. நாப்பது ஏக்கர் எரிஞ்சுது. ஆனா காத்து மாறினது அவங்களுக்குத் தெரியல, மரத்துக்குத் தெரிஞ்சிருச்சு."

அபிலாஷ் எழுந்தார். வாசலில் வனக்காவலர் நகரவில்லை.

"உக்காருங்க," என்றார் வன்னியபெருமாள். அந்த ஒரு சொல்லில் பதினொரு நாள் ஏமாற்றப்பட்ட கோபம் இருந்தது. ஒரு புதுத் தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார். "கோர்ட்டு மூணு மணிக்கு. நானா எழுதினா சுத்தி வளைச்சிருவேன் மேடம். தீ வழக்குல 'வேணும்னே'ங்கற ஒத்தை வார்த்தையை நிரூபிக்கத்தான் முடியாது. சாட்சியையெல்லாம் தீயே தின்னுரும். நீங்களே சொல்லுங்க. ஜட்ஜுக்கு ஒரு வாசிப்புல புரியணும்."

அனுசியா நின்றுகொண்டே சொன்னாள். அவர் எழுதினார்.

"காற்று கிழக்கிலிருந்து வீசத் தொடங்கியது பிற்பகல் 2.20. எரிந்த மரங்கள் எல்லாம் கிழக்கிலிருந்து வந்த தீயில் கரிந்தவை. எனவே தீ வைக்கப்பட்டது 2.20-க்குப் பிறகு, சாலை ஓரத்திலிருந்து. நாற்பது ஏக்கரும் எரிந்து சாம்பலாகிவிட்டது என்ற புகார், அபிலாஷ் கையெழுத்துடன், தபாலில் பதிவானது பிற்பகல் 1.12. அந்த நேரத்தில் காடு பச்சையாக நின்றது. நிற்கிற காட்டை எரிந்துவிட்டது என்று எழுத, அதை எரிக்க ஏற்பாடு செய்தவரால் மட்டுமே முடியும்."